அத்தையைக் கட்டிப்போட்ட கதை

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1984 மாடல், மார்க் 4. அப்பா அதை மட்டும்தான் கார் என்பார். நான் ஓட்டுவது எல்லாம் அவருக்கு 'வண்டி'. அந்த அம்பாசிடருக்குப் பின்சீட்டு பெல்ட் மாட்ட வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு ஆடு.

பங்குனியில் ஒரு நாள் பாபநாசத்திலிருந்து கும்பகோணம் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்தால் உளுந்து தானாக உதிரும், அடிக்கிற கூலி மிச்சம். அதைத் தின்ன வந்த ஆடு நடுவில் நின்றது. அப்பா பிரேக்கை மிதித்தார். பின்சீட்டு ரெக்சின், அத்தை கட்டியிருந்தது பட்டுப்புடவை. கல்லிலிருந்து தோசை நழுவுகிற மாதிரி நழுவி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார். மடியில் இருந்த கொழுந்து வெற்றிலை மட்டும் கலையவில்லை. ஆடும் நகரவில்லை.

அன்று ராத்திரி பெல்ட் மாட்டலாம் என்றேன். "பெல்ட்டே இல்லாத காருக்கு எவன் ஆயிரம் ரூபாய் அபராதம் போடுவான்?" என்று அப்பா சட்டம் பேசினார். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற மூன்று முனை பெல்ட்டை வோல்வோ கம்பெனிப் பொறியாளர் நீல்ஸ் போலின் 1959லேயே கொண்டுவந்துவிட்டார் என்று நான் சரித்திரம் பேசினேன். "அவருக்கு ஆடு தெரியுமா?" என்றார். இடுப்பைத் தடவிக்கொண்டே அத்தை, "மாட்டுடா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அக்கா சொன்னால் அப்பாவுக்கு மேல்முறையீடு கிடையாது.

டிங்கர் பட்டறை அண்ணன் முதலில் சொன்ன யோசனை, காயலான் கடையில் அடிபட்ட காரிலிருந்து பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்பது. அது வேண்டாம் என்றேன். ஒருமுறை விபத்தில் ஆளைத் தாங்கிய பெல்ட்டின் நாடா இழுபட்டிருக்கும், அதை மறுபடி நம்பக் கூடாது. புதிதாகவே வாங்கினேன். ஓரத்து இரண்டு பேருக்கு மூன்று முனை, நடுவில் உட்காருகிறவருக்கு இடுப்பு பெல்ட்.

அப்புறம் பின்சீட்டைத் தூக்கினோம். நாற்பது வருஷம் அடியில் போய் ஒளிந்ததெல்லாம் வெளியே வந்தது. இருபது பைசா நாணயங்கள், கொட்டைப்பாக்கு, யாருடைய கல்யாணத்துக்கோ ஒரு மஞ்சள் தடவிய பத்திரிகை, கடைசியாக ஒரு தோட்டுத் திருகாணி. அத்தை அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 1991இல் அது தொலைந்தபோது தன் ஓரகத்தி எடுத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. இரண்டு பேரும் இன்றுவரை பேசுவதில்லை. "சரி, அவகிட்ட யாரும் சொல்ல வேண்டாம்" என்று முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அந்தக் காலத்து இரும்பு, அசையாது" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் டிங்கர் அண்ணனின் ஸ்க்ரூடிரைவர் தரைத் தகட்டுக்குள் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. துரு. வெறும் தகட்டில் போல்ட்டைப் போட்டால் இழுக்கிற இழுப்பில் தகட்டோடு பிய்ந்து வந்துவிடும். துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, போல்ட் வருகிற இடத்திலெல்லாம் அடியில் கனமான பட்டை வைத்து வெல்டிங் அடித்தார். பெல்ட்டுக்கென்றே வருகிற போல்ட் இருக்கிறது: 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. கையில் கிடைத்த போல்ட்டைப் போட்டு முறுக்குகிற வேலையில்லை. இது ஒன்றைத்தான் அப்பா மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் வேலை முடிந்தது என்று போன் வந்தது. போய் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தேன். வரவில்லை. மெதுவாக இழுத்தேன். வரவில்லை. அண்ணன் இழுத்தார், பையன் இழுத்தான், டீ கொண்டுவந்தவரும் தன் பங்குக்கு இழுத்துப் பார்த்தார். வடம் பிடிக்காததுதான் குறை. கம்பெனிக்காரன் மோசம் செய்துவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டோம். பிறகுதான் விஷயம் புரிந்தது. நாடா சுற்றியிருக்கிற ரீலுக்குள் ஒரு சின்னக் குண்டு இருக்கிறது. கார் குலுங்கினாலோ சாய்ந்தாலோ அது உருண்டு ரீலைப் பூட்டிவிடும். அண்ணன் ரீலைச் சக்கரத்து வளைவின் சரிவிலேயே முடுக்கியிருந்தார். ஆக, கார் சதா கவிழ்ந்துகொண்டிருப்பதாக ரீல் நினைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கட்டட வேலை பார்த்த கொத்தனாரிடம் ரசமட்டம் கடன் வாங்கி, ஒரு கனத்த ஆங்கிளை வளைத்து வைத்து, ரீலை நேராக நிறுத்தியதும் நாடா வெண்டைக்காய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

வெள்ளோட்டம் மன்னார்குடியில் ஒரு வளைகாப்புக்கு. அப்பா ஓட்ட, நான் பக்கத்தில். பின்னால் அத்தை, அம்மா, நடுவில் என் மனைவி. நாடா வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் பதிய வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அத்தைக்கு மாட்டிவிட்டேன். வலங்கைமான் தாண்டும்போது கோயில் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "இங்க வேண்டுதலுக்குப் பாடையில படுத்து பாடைக் காவடி எடுத்தப்பதான் என்னை இப்படிக் கட்டினாங்க. அப்பவாவது தூக்கிட்டுப் போக நாலு பேர் இருந்தாங்க."

நீடாமங்கலம் ரயில்வே கேட். வழக்கம்போலச் சாத்தியிருந்தது. ஜன்னலோரம் வெள்ளரிப்பிஞ்சு வந்தது. அத்தை வெடுக்கென்று எட்டினார், நாடா வெடுக்கென்று பூட்டியது. மறுபடி எட்டினார், மறுபடி பூட்டியது. "மெதுவா, அத்தை" என்றேன். "மெதுவா எட்டினா அவ விலையை ஏத்திடுவாடா" என்றார். கட்டுண்ட நிலையிலேயே பேரம் பேசி ஐந்து ரூபாய் குறைத்தார்.

பிஞ்சைக் கடித்துக்கொண்டே முன்பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏண்டா, உனக்கும் உங்கப்பாவுக்கும் பெல்ட் எங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தோள் பக்கம் தடவிப் பார்த்தேன். 1984 மாடலில் முன்னாலும் ஒன்றும் கிடையாது. சரக்கு ரயில் ஒவ்வொரு பெட்டியாக நிதானமாகப் போனது. அது முடிகிற வரைக்கும் காருக்குள் யாரும் பேசவில்லை.

மறுநாள் டிங்கர் அண்ணனுக்குப் போன் செய்தேன். "நீங்க பின்சீட்டுன்னுதானே சார் சொன்னீங்க?" என்றார்.