ராத்திரி நடக்க ஆள் வேண்டும்

ஜனவரி பிறந்தாலே எனக்கு ஆள் பிடிக்கிற வேலைதான். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் நடந்து, மணலில் அதன் தடம் தேடி, குழியில் கிடக்கும் 100, 120 முட்டைகளை நாய் வருவதற்குள் பையில் எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்க வேண்டும். சனிக்கிழமை கூட்டத்துக்குக் குறைச்சலே இல்லை, பாதிப் பேர் செல்ஃபிக்கு (டார்ச்சை அணைக்கச் சொல்லியே தொண்டை கட்டிவிடும்). செவ்வாய்க்கிழமை கூப்பிட்டால்தான் 'ஆபீஸ் இருக்குண்ணா'. போன வருஷம் ஒரு கல்லூரிப் பெண், முதல் நாளே மணலில் குச்சியைக் குத்திப் பார்த்து 'இங்க மெத்துன்னு இறங்குதுண்ணா' என்றாள், தோண்டினால் முட்டை. அப்படி இரண்டு பேர் போதும். காசு கிடையாது, விடிகாலை டீ மட்டும் என் செலவு.