38 பேரு, மூணு ஓஎஸ்: எங்க சேலம் ஆபீஸ்ல லேப்டாப் மாத்தின அனுபவம்

ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் ஒரு சின்ன ஐடி கம்பெனில நான் சிஸ்டம் அட்மின், மொத்தமே 38 பேரு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10 சப்போர்ட் முடியுதுன்னு ஆனப்ப எங்ககிட்ட 17 பழைய மெஷின் மாட்டுச்சு, எல்லாமே இன்டெல் ஆறாவது ஜெனரேஷன் ப்ராசஸர், விண்டோஸ் 11 எட்டாவதும் அதுக்கு மேலயும்தான் கேக்குது, டிபிஎம் 2.0-ன்னு ஒரு செக்யூரிட்டி சிப்பும் இருக்கணும். சார் உடனே "ஒரே மாடலா 17 வாங்கிப் போட்ரலாம்ப்பா, உனக்கும் வேலை ஈஸி"ன்னாரு. எனக்கு ஈஸிதான். ஆனா ரெண்டு நாள் டைம் குடுங்க சார்னு கேட்டேன், அவங்கவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு வாங்கலாமேன்னு.

ஏன் கேட்டேன்னா, நான் ஓமலூர்ல பிளஸ் டூ படிக்கறப்ப அரசாங்கம் குடுத்த லேப்டாப்ல விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸ்னு இன்னொரு ஓஎஸ்ஸும் (ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டிருந்துச்சு, மத்திய அரசோட சென்னை சி-டாக் பண்ணினது. கூடப் படிச்சவங்க முக்காவாசிப் பேரு அந்தப் பக்கமே போகல, நான் அதுலதான் டெர்மினல் (கமாண்ட் டைப் பண்ணி வேலை வாங்கறது) கத்துக்கிட்டேன், இன்னிக்கி சோறு போடறதும் அதுதான். கைக்குப் பழகின மெஷின்ல உக்காந்தா வேலை எப்படி ஓடும்னு அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு, அதனாலதான் இதுல இவ்ளோ பிடிவாதம்.

சாருக்கு ஐபிஎம் உதாரணம் சொன்னேன். 2015-ல இருந்து அங்க ஊழியர்களே மேக்கா விண்டோஸானு எடுத்துக்கலாம்னு விட்டாங்க, அடுத்த வருஷமே விண்டோஸ் மெஷினை விட ஒரு மேக்குக்கு நாலு வருஷத்துல 273-ல இருந்து 543 டாலர் வரைக்கும் மிச்சம்னு அவங்களே சொன்னாங்க. சார் கேட்டுட்டு "அவங்க லட்சக்கணக்குல இருக்காங்க, நாம 38 பேருப்பா, பட்ஜெட்டுக்கு மேல ஒரு ரூபா போகக் கூடாது, அப்படின்னா பண்ணு"ன்னாரு. அது நியாயமான கண்டிஷன்தான்.

மொதல்ல நான் பண்ணின தப்பு, "உங்களுக்கு எந்த லேப்டாப் வேணும்"னு ஒரு ஃபார்ம் அனுப்பினது. 17 பேர்ல 11 பேரு மேக்புக்னு போட்டுட்டாங்க. அவங்க மேல தப்பில்ல, கேட்ட கேள்வி அப்படி. அந்த ஃபார்மைத் தூக்கிப் போட்டுட்டு ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் சேர் போட்டு அரை மணி நேரம் உக்காந்தேன், என்ன ஓபன் பண்றாங்க, எங்க நிக்குது, எதுக்கு எரிச்சல் ஆகறாங்கன்னு சும்மா பாத்தேன். மூணு நாள் போச்சு. இதைச் செய்யாம யாரும் இந்த வேலைல எறங்காதீங்க.

அக்கவுண்ட்ஸ் அக்காகிட்ட உக்காந்தா டேலி, எக்ஸெல் மேக்ரோ, டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி), இவ்ளோதான் நாள் பூரா. டேலிக்கு லினக்ஸும் கிடையாது மேக்கும் கிடையாது. அக்கா முன்னாடியே சொல்லிட்டாங்க, "தம்பி, எனக்கு இதே விண்டோஸே இருக்கட்டுமுங்க, ஸ்கிரீன் மட்டும் கொஞ்சம் பெருசா குடுங்க, கண்ணு வலிக்குது." பழகின ஓஎஸ்லயே இருக்கேன்னு சொல்றதும் ஒரு சாய்ஸ்தான், அதை யாரும் மட்டமாப் பாக்கக் கூடாதுன்னு மீட்டிங்ல தனியாவே சொன்னேன்.

டெஸ்டிங் டீம் பசங்களுக்கு பிரௌசரும் டெர்மினலும் போதும், அதனால பழைய மெஷின்ல அஞ்சை எடுத்து எஸ்எஸ்டியும் ராமும் மாத்தி உபுண்டு 24.04-ன்னு ஒரு லினக்ஸ் போட்டேன், புது மெஷின் மாதிரி ஓடுது. பேக்எண்ட் பண்ற ரெண்டு பேரு உபுண்டுதான் வேணும்னு கேட்டு புது லேப்டாப்ல வாங்கிக்கிட்டாங்க. அந்த அஞ்சுல மிச்சமான காசுதான் நாலு மேக்குக்குப் போச்சு. அதுல ஒண்ணு ஏற்காட்டுல நாகலூர் பக்கத்துல இருந்து வேலை பாக்கற பொண்ணுக்கு. மழை சீசன்ல அங்க கரண்டு போச்சுன்னா எப்ப வரும்னே சொல்ல முடியாது, போன் ஹாட்ஸ்பாட்ல நெட் ஓட்டிக்கலாம் ஆனா அவங்க பழைய லேப்டாப் ஒண்ணரை மணி நேரத்துல செத்துரும், இருபது கொண்டை ஊசி வளைவு எறங்கி ஆபீஸ் வர்றதுக்குள்ள பாதி நாள் போயிடும். எம் சீரிஸ் மேக்புக் ஏர் ஒரு சார்ஜ்ல அவங்க வேலை நாள் முழுக்க நிக்குது. ஃபார்ம்ல அவங்க மேக்குன்னே போடல, "எதுவா இருந்தாலும் சரி"ன்னு போட்டிருந்தாங்க.

எந்த மெஷினா இருந்தாலும் டிஸ்க் என்க்ரிப்ஷன் (பாஸ்வேர்ட் இல்லாம ஃபைலைப் படிக்க முடியாதபடி பூட்டறது) இருக்கணும், அப்டேட் தானா ஓடணும், அஞ்சு நிமிஷத்துல ஸ்கிரீன் லாக் ஆகணும், ராத்திரி பேக்கப் போகணும், ரெகவரி கீ எங்ககிட்டயும் இருக்கணும். இதுக்கு ஒத்துக்கிட்டா என்ன வேணா எடுத்துக்கோங்கன்னு சொன்னேன். சொல்றது சுலபம், இங்கதான் எனக்கு நிறைய அடி. விண்டோஸ் லேப்டாப் ஆறு வாங்கின கடைல ப்ரோ எடிஷன்னு சொல்லி ஹோம் எடிஷன் போட்டுக் குடுத்துட்டாங்க, ஹோம்ல விண்டோஸோட டிஸ்க் என்க்ரிப்ஷனான பிட்லாக்கர் முழுசா கிடையாது, அப்கிரேடுக்கு தனியா காசு கட்ட வேண்டி வந்துச்சு. பில்லுல எடிஷன் பேரை எழுதி வாங்குங்க. உபுண்டுல மொத மூணு மெஷினுக்கு இன்ஸ்டால் பண்றப்பவே என்க்ரிப்ஷன் டிக் பண்ண விட்டுட்டேன், அப்புறமா சேக்கறது பெரிய தலைவலி, மூணையும் தொடச்சு மறுபடி போட்டேன். மேக்ல ராம் பின்னாடி ஏத்த முடியாது, அதனால டிசைனருக்கு வாங்கறப்பவே 24 ஜிபி எடுத்துட்டோம். தமிழ் டைப்பிங் பிரச்சனையே வரல, மேக்ல தமிழ்99, அஞ்சல் கீபோர்ட் ரெண்டுமே கூடவே வருது, உபுண்டுல ஐபஸ்ங்கற டைப்பிங் செட்டிங்ல எம்17என் பேக்கேஜ் சேத்தா தமிழ்99 வந்துடுது.

ஜனவரி மாசம் டெஸ்டிங் தம்பி ஒருத்தன் புது பஸ் ஸ்டாண்ட்ல எறங்கறப்ப பேக்கை பஸ்லயே விட்டுட்டான். கண்டக்டர், டெப்போ, எல்லாம் அலைஞ்சும் கிடைக்கல. பையன் முகத்தைப் பாக்கவே முடியல. சார் என்னைக் கூப்பிட்டு மெதுவா கேட்டாரு, "கிளையண்ட் ஃபைல் எதுவும் வெளிய போயிருக்குமாப்பா?" லக்ஸ் (லினக்ஸோட டிஸ்க் என்க்ரிப்ஷன்) போட்டிருக்கு சார், பாஸ்வேர்ட் இல்லாம தொறக்க முடியாதுன்னேன். தொடச்சுப் போட்ட அந்த மூணு மெஷின்ல ஒண்ணுதான் அது. ஸ்பேர்ல இருந்த இன்னொரு பழைய மெஷின்ல உபுண்டு போட்டு பேக்கப்ப எறக்கி மறுநாள் காலைல பத்தரைக்கு அவன் வேலையை ஆரம்பிச்சுட்டான்.

அன்னிக்கி சாயங்காலம் சார் என் டேபிளுக்கே வந்து, மிச்சம் இருக்கற 21 பேர்கிட்டயும் இதே மாதிரி உக்காந்து கேட்டு ஏப்ரலுக்குள்ள லிஸ்ட் குடுன்னாரு. இதுவரைக்கும் ஒம்பது பேர் முடிஞ்சிருக்கு.