டெக்சாஸில் எஸ்ஆர்-22 போட்டு லைசென்ஸை மீட்ட அனுபவம்

இதை எழுதிவிட வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் இருக்கிறேன். சுற்றிலும் இவ்வளவு தமிழ்க் குடும்பங்கள், ஆனால் என் டிரைவிங் லைசென்ஸை நிறுத்திவைத்தபோது "நான் இதைக் கடந்து வந்தேன்" என்று சொல்ல ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. காரணம் எனக்குப் புரிகிறது. எஸ்ஆர்-22, அதாவது நம்மிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று கம்பெனி மாநிலத்துக்கு அனுப்பும் சான்று, என்றாலே குடித்துவிட்டு ஓட்டி மாட்டியவர் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவர்களிடமும் இதைக் கேட்பார்கள்தான், ஆனால் அவர்களிடம் மட்டும் இல்லை. நான் மாட்டியது இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு. அதுவும் இரண்டாவது முறை.

முதல் முறை 2019 கடைசியில். பழைய கார் ஒன்று வாங்கி, பாலிசி திங்கட்கிழமை தொடங்குவதாக இருக்க, ஞாயிற்றுக்கிழமையே எடுத்துக்கொண்டு போனேன். டிக்கெட் கொடுத்தார்கள், அபராதம் கட்டினேன், மறந்துவிட்டேன். இரண்டாவது 2024 பிப்ரவரியில். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று ஜனவரியில் மதுரைக்குப் போய் ஆறு வாரம் இருந்தேன். அந்தச் சமயத்தில் வங்கி என் கிரெடிட் கார்டை மாற்றிவிட்டது, பழைய எண்ணில் இருந்த ஆட்டோ-பே நின்றது, இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய மின்னஞ்சல்களை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு யார் பார்ப்பது. திரும்பி வந்த மூன்றாம் நாள் பிளேனோவில் பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று நிறுத்தினார்கள். என் கையில் இருந்த இன்சூரன்ஸ் அட்டையில் தேதி சரியாகத்தான் இருந்தது. ஆனால் டெக்சாஸில் போலீஸார் அட்டையை மட்டும் நம்புவதில்லை, டெக்சாஸ்ஷூர் என்று ஒரு தகவல்தளம் இருக்கிறது, வண்டிக்குப் பாலிசி உயிரோடு இருக்கிறதா என்று அதில் பார்த்துவிடுவார்கள். அன்று சாயங்காலமே அதே கம்பெனியில் புதுப் பாலிசி எடுத்தேன். டிக்கெட்டுக்கு மார்ச் மாதம் இணையத்தில் நானூறு டாலருக்கு மேல் கட்டினேன். முடிந்தது என்று நினைத்தேன்.

இங்கேதான் பெரிய தப்பு நடந்தது. டிக்கெட் பணத்தைக் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், அது தண்டனையாகப் பதிவாகும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு இரண்டாவது தண்டனை பதிவானால், எஸ்ஆர்-22 தாக்கல் செய்யாதவரின் லைசென்ஸையும் அவர் பெயரில் உள்ள வண்டிப் பதிவையும் டெக்சாஸ் நிறுத்திவைக்கும். தண்டனைத் தேதியிலிருந்து இரண்டு வருடம் அந்தச் சான்று உயிரோடு இருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்னால் நீதிமன்றத்துக்கு நேரில் போய், டிஃபர்டு டிஸ்போசிஷன், அதாவது தீர்ப்பைத் தள்ளிவைக்கும் சலுகை, கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். நீதிபதி ஒப்புக்கொண்டு, அவர் சொல்லும் நிபந்தனைகளை ஒழுங்காக முடித்தால், வழக்கு தள்ளுபடியாகும், தண்டனையாகப் பதிவாகாது. தருவதும் மறுப்பதும் அவர் இஷ்டம். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். ஒரு வக்கீலிடம் அரைமணி நேரம் பேசியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

டிபிஎஸ், அதாவது லைசென்ஸ் கொடுக்கும் பொதுப் பாதுகாப்புத் துறை, ஆஸ்டினிலிருந்து கடிதம் அனுப்பியிருக்கிறது. அது போனது நான் முன்பு இருந்த இர்விங் அபார்ட்மென்ட் முகவரிக்கு. வீடு மாறினால் 30 நாளுக்குள் லைசென்ஸில் முகவரியை மாற்ற வேண்டும், நான் மாற்றவில்லை. அந்த வீட்டுக்கு அடுத்துக் குடிவந்தவர் நம்ம ஊர் நண்பர்தான், மூன்று உறைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உடனே போய் வாங்கிப் பிரித்தால், நிறுத்தம் அமலுக்கு வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினொரு நாளும் நான் ஓட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போனது உட்பட. லைசென்ஸ் நிறுத்தத்தில் இருக்கும்போது ஓட்டுவது தனிக் குற்றம். இர்விங்கிலிருந்து திரும்பும்போது நண்பர்தான் என் காரை ஓட்டி வந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

எஸ்ஆர்-22 என்பது தனி இன்சூரன்ஸ் இல்லை, இதைத்தான் எல்லோரும் முதலில் குழப்பிக்கொள்கிறார்கள். அது இன்சூரன்ஸ் கம்பெனி மாநிலத்துக்கு எழுதிக்கொடுக்கும் ஒரு பக்கச் சான்று. இந்த ஆளிடம் சட்டம் கேட்கும் அளவுக்குப் பாலிசி இருக்கிறது என்று கம்பெனி பொறுப்பேற்றுச் சொல்கிறது. பாலிசி நின்றுபோனால் எஸ்ஆர்-26 என்று இன்னொரு தாளை அதே கம்பெனியே அனுப்பிவிடும், லைசென்ஸ் மறுபடியும் நிறுத்தம். டெக்சாஸில் குறைந்தபட்ச அளவு 30/60/25 என்பார்கள்: ஒருவருடைய காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் எல்லோருக்கும் சேர்த்து 60,000, பொருள் சேதத்துக்கு 25,000. சான்றுக்கு இந்த அளவே போதும். ஆனால் இன்றைக்கு ரோட்டில் ஓடும் வண்டிகளின் விலைக்கு 25,000 எந்த மூலைக்கு? முடிந்தால் கூட்டி எடுங்கள்.

என் கம்பெனியைக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு பேசியவர், அனுப்பிவிட்டோம் என்றார். ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவர் அனுப்பியது சாதாரண இன்சூரன்ஸ் அட்டையின் பிரதி. அதை டிபிஎஸ் ஏற்காது. மறுபடி கூப்பிட்டால் வேறொருவர், நாங்கள் எஸ்ஆர்-22 போடுவதே இல்லை என்றார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒன்பது நாள் மிச்சம். அதனால் நீங்கள் பேசும்போது "இன்சூரன்ஸ் ப்ரூஃப் அனுப்புங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். டெக்சாஸுக்கு எஸ்ஆர்-22 தாக்கல் செய்வீர்களா, ஆமாவா இல்லையா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் கார்லண்டில் ஒரு ஏஜென்ட் அம்மாவிடம் போனேன், அதிக ரிஸ்க் ஆட்களுக்கென்றே பாலிசி போடும் கம்பெனிகள் அவரிடம் இருந்தன. ஆறு மாதத்துக்கு 790 டாலர் கட்டிக்கொண்டிருந்தவன், 1,480 கட்டினேன். எஸ்ஆர்-22 தாக்கலுக்கு மட்டும் 25 டாலர். வலித்தது, ஆனால் முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டினேன். மாதத் தவணை தவறியதால்தானே இத்தனையும். சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு நான்-ஓனர் பாலிசி என்று ஒன்று இருக்கிறது, அதன் மேலும் எஸ்ஆர்-22 போடலாம் என்று அவர் சொன்னார்.

தாக்கல் ஆகி, டிபிஎஸ்ஸுக்குக் கட்ட வேண்டிய 100 டாலர் மீட்புக் கட்டணத்தையும் இணையத்தில் கட்டிவிட்டேன். ஆவணங்களைப் பார்த்துப் பதிவேற்ற 21 வேலை நாள் வரை ஆகும் என்பது கணக்கு. தினமும் காலையில் லைசென்ஸ் தகுதி பார்க்கும் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். கட்டணம் வந்தது என்று காட்டியது. எஸ்ஆர்-22 வரவில்லை என்றே காட்டியது. 21 நாளும் போனது.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் எஸ்ஆர்-22 பிரதியையும் லைசென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம்மில் பலருக்கும் உள்ள பெயர்க் கதைதான். என் பாஸ்போர்ட்டில் என் பெயரும் அப்பா பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்து இருக்கும், குடும்பப் பெயர் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் அது அப்படியே கடைசிப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்தது, லைசென்ஸிலும் அதுவே. ஆனால் ஏஜென்டுக்கு முன்கூட்டியே இணையத்தில் நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தில், ஆபீஸில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி என் பெயரை முதல் பெயராகவும் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகவும் போட்டிருந்தேன். சான்றும் அப்படியே போயிருக்கிறது. போதாததற்கு லைசென்ஸ் எண்ணில் ஒரு 6 இருக்க வேண்டிய இடத்தில் 8. அந்த எட்டைப் பார்த்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார்.

மறுநாள் காலை கார்லண்ட். அந்த அம்மா லைசென்ஸைக் கையில் வாங்கிவைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்தார், இருபது நிமிட வேலை. திருத்திய சான்றின் பிரதியை, முழுப் பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் எண் மூன்றும் எழுதி நானும் டிபிஎஸ்ஸுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். எட்டாம் நாள், லைசென்ஸ் தகுதி பார்க்கும் பக்கத்தில் தகுதி உண்டு என்று வந்துவிட்டது.

இடைப்பட்ட இரண்டு மாதம் சுலபமாக இல்லை. டாலஸ் பகுதிப் பொதுப் போக்குவரத்தான டார்ட்டின் வலையத்தில் ஃப்ரிஸ்கோ இல்லை, பஸ்ஸும் கிடையாது ரயிலும் கிடையாது. மனைவி ஓட்டும் கார் அவர் பெயரில் இருந்ததால் தப்பித்தோம். காலையில் என்னை பிளேனோவின் பார்க்கர் ரோடு ஸ்டேஷனில் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போவார், மாலையில் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து ஏற்றிக்கொள்வார். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. வேலைக்குப் போக மட்டும் ஓட்டுவதற்கு ஆக்குபேஷனல் லைசென்ஸ் வாங்கலாமே என்று சிலர் சொன்னார்கள். அதற்கு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், அதற்கும் எஸ்ஆர்-22 வேண்டும். என் விஷயத்தில் அந்தச் சான்று வந்தாலே முழு லைசென்ஸ் திரும்பிவிடும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. நீண்ட நாள் நிறுத்தம் உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. வருடா வருடம் சர்சார்ஜ் என்று மாநிலத்துக்குக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும் என்று பழைய ஆட்கள் பயமுறுத்தினார்கள். அந்தத் திட்டத்தை டெக்சாஸ் 2019 செப்டம்பரிலேயே எடுத்துவிட்டது.

இப்போது எனக்கு 2026 மார்ச் வரை இந்தச் சான்று ஓட வேண்டும். எண்ணுவது தண்டனைத் தேதியிலிருந்துதான், தாக்கல் செய்த தேதியிலிருந்து இல்லை. கம்பெனி மாற்றினால் புதுக் கம்பெனியின் எஸ்ஆர்-22 போய்ச் சேர்ந்த பிறகே பழையதை நிறுத்த வேண்டும், நடுவில் ஒரு நாள்கூட விடக்கூடாது. வருகிற டிசம்பரில் அம்மாவைப் பார்க்க மறுபடி மதுரைக்குப் போகிறோம். ஐந்து வாரம் கார் வீட்டு கராஜிலேயே நிற்கும், பாலிசி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த ஆறு மாதப் பணத்தை நேற்றே கட்டி, ரசீதை மனைவியின் போனிலும் ஒரு பிரதி போட்டுவைத்திருக்கிறேன்.