நாலடிப் பலகையில் ஷாங்காய் மெட்ரோ: 1993 முதல் 2013 வரை

பத்தாவது வாரம். பலகையில் இப்போது 2013 டிசம்பர்.

செய்வது இதுதான். ஷாங்காய் மெட்ரோ ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்த விதத்தை ஆணியும் நூலுமாகக் கட்டிப் பார்க்கிறேன். நிலையத்துக்கு ஓர் ஆணி, பாதைக்கு ஒரு நிறம். ஓர் ஆண்டில் திறந்ததையெல்லாம் கட்டி முடித்ததும், டிசம்பர் 31 என்று வைத்துக்கொண்டு ஒரு படம் எடுக்கவேண்டும். எட்டுக்கு நான்கு பிளைவுட்டைப் பாதியாக அறுத்ததில் கிடைத்த சதுரப் பலகை. ஒரு சென்டிமீட்டருக்கு 500 மீட்டர்.

முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. 1993 மே மாதம் திறந்தவை ஷூஜியாஹுய் முதல் ஜின்ஜியாங் பூங்கா வரை ஐந்தே நிலையங்கள். ஐந்து ஆணி, ஒரு பேனா நீளத்துக்குச் சிவப்பு நூல். அவ்வளவு பெரிய பலகையில் அது யாரோ கீறிவிட்டதுபோலத் தெரிந்தது. 1995இல் அது வடக்கே ரயில் நிலையத்தை எட்டியது; 1999இல் இரண்டாம் பாதையின் பச்சை நூல் ஹுவாங்பு ஆற்றைத் தாண்டியது. இதுவரை வேலை சுகம்.

மூன்றாம் பாதையில்தான் என் அவசரபுத்திக்குக் கூலி கிடைத்தது. 2000இல் திறந்த மஞ்சள் பாதை அது. ஆணிகளைப் பலகையோடு ஒட்ட அடித்து, நூலை இறுக்கிக் கட்டிவிட்டேன். 2005இல் வந்த நான்காம் பாதை அதே தண்டவாளத்தில் ஒன்பது நிலையங்களுக்குச் சேர்ந்து ஓடுகிறது என்பதை மறந்துபோனேன். ஊதா நூலுக்கு ஆணியில் இடமே இல்லை. ஒன்பது ஆணிகளையும் குறடால் பிடுங்கி, நீள ஆணி அடித்து, கீழ்த்தளத்தில் மஞ்சள், மேல்தளத்தில் ஊதா என்று கட்டினேன். ஓர் இரவு போயிற்று.

அந்த நான்காம் பாதை ஒரு வளையம். ஆனால் திறந்தபோது அது வளையமாக இல்லை. 2003 ஜூலை 1 அன்று, ஆற்றோரம் இரட்டைச் சுரங்கங்களை இணைக்கும் குறுக்கு வழியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மண் சேறும் மணலும் நீருமாக இருக்கும். அதை உறையவைத்துக் கட்டியாக்கிவிட்டுத்தான் தோண்டுவார்கள். உறைவு போதாமல் நீரும் மணலும் பீறிட்டு உள்ளே பாய்ந்தன. சுரங்கம் சிதைந்தது, மேலே தரை இறங்கியது, கட்டடங்கள் சாய்ந்தன. ஆட்களை முன்னதாகவே வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை.

ஆகவே 26 நிலையங்களில் 22க்குத்தான் என்னால் நூல் கட்ட முடிந்தது. டாமுச்சியாவ் சாலைக்கும் லான்சுன் சாலைக்கும் நடுவே நான்கு ஆணிக்கு இடம் காலி. வளையம் மூடியிருந்தால் இழுவிசை சுற்றிலும் பகிர்ந்துவிடும். வாய் திறந்து கிடக்கும்போது முழு இழுப்பும் இரண்டு முனை ஆணிகளின் தலையில் விழுகிறது. இரண்டும் சாய்ந்தே நின்றன. 2005, 2006 இரண்டு படங்களிலும் அந்தச் சாய்வு தெரிகிறது. நிமிர்த்தாமல் விட்டுவிட்டேன்; அதுவும் வரலாறுதானே.

2007 டிசம்பர் 29, ஒரே தேதி, எனக்கு மூன்று நாள் வேலை. வளையம் மூடியது, 6, 8, 9 ஆகிய மூன்று புதிய பாதைகள் திறந்தன, முதல் பாதையும் வடக்கே நீண்டது. இதில் ஒன்பதாம் பாதை வேடிக்கையானது. அதன் நகர முனை குய்லின் சாலையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து மற்றப் பாதைகளைப் பிடிக்க யீஷான் சாலை வரை பஸ் விட்டார்கள். பலகையில் எதனோடும் ஒட்டாமல் ஓர் ஆண்டு அது அனாதையாகக் கிடந்தது. பிறகு கிழக்கே வளர்ந்து, 2009 கடைசி நாளில் செஞ்சுரி அவென்யூவை அடைந்தது. அங்கே 2, 4, 6, 9 என நான்கு நூல்கள் ஓர் ஆணியில். அரை அங்குல ஆணி வளைந்துவிட்டது. இப்போது ஒன்றரை அங்குலம் நிற்கிறது.

நூல்கடைக்காரர் என்னை அறிந்துவிட்டார். 4, 5, 10 மூன்றும் ஊதாக் குடும்பம். பகலில் வாங்கியது இரவு விளக்கில் ஒன்றுபோலவே தெரிகிறது.

2010இல் என் விதியே உடைந்தது. உலகக் கண்காட்சிக்காக ஏப்ரலில் பதின்மூன்றாம் பாதையின் மூன்று நிலையங்களை மட்டும் திறந்து, கண்காட்சி முடிந்ததும் மூடிவிட்டார்கள். மீண்டும் திறந்தது 2015இல். டிசம்பர் படம் மட்டும் எடுத்தால் அந்தத் துண்டு இருந்ததற்கே சாட்சி இல்லை. எனவே அக்டோபர் என்று எழுதி ஒரு தனிப்படம் எடுத்துவிட்டு நூலை அவிழ்த்தேன். இதுவரை கட்டியதை அவிழ்த்து, திரும்பக் கட்டாமல் விட்ட ஒரே இடம் அதுதான். ஆணிகளைப் பிடுங்க மனம் வரவில்லை.

அதே ஆண்டு புடோங் விமான நிலையம் பலகையின் வலது விளிம்பில் தொற்றிக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். 2013இல் பதினோராம் பாதை மாநகர எல்லையையே தாண்டி, ஜியாங்சு மாகாணத்தின் ஹுவாச்சியாவ் வரை போய்விட்டது. பதினாறாம் பாதையோ தென்கிழக்கே டீஷூயி ஏரி வரை. இரண்டும் என் பலகைக்கு வெளியே. 2021 முடிவில் மொத்தம் 831 கிலோமீட்டர், 508 நிலையங்கள் என்று தெரிந்தேதான் தொடங்கினேன். நீளத்தைக் கணக்கிட்ட எனக்கு அகலத்தைக் கணக்கிடத் தோன்றவில்லை.

மிச்சமிருக்கும் பாதிப் பிளைவுட்டில் மேற்கே ஓரடிப் பட்டை, தென்கிழக்குக்கு மீதித் துண்டு என்று திட்டம். தச்சர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பதினோராம் பாதையின் அரக்கு நூல் இடது விளிம்பில் செல்லோ டேப்பில் தொங்குகிறது.