செல்லைப் பட்டினி போட்டு எல்.டி.எல். ஏற்பியை அளக்கும் முறை

குடும்பவழி உயர் கொலஸ்ட்ரால் நோயில் மரபணுச் சோதனை ஒரு மாற்றத்தைக் காட்டும். அது எல்.டி.எல். ஏற்பியை, அதாவது கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்.டி.எல். துகளைப் பிடித்துச் செல்லுக்குள் சேர்க்கும் புரதத்தை, கெடுக்கிறதா இல்லையா என்பதைப் பல நேரம் சொல்லாது. அப்போது செல்லிடமே கேட்க வேண்டியிருக்கிறது. ஒளிரும் டி.ஐ.ஐ. சாயம் ஏற்றிய எல்.டி.எல்.லைக் கொடுத்து, எவ்வளவு உள்ளே போகிறது என்று, செல் ஒவ்வொன்றின் ஒளியையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்க்கிறோம். செய்முறை சின்னதுதான். தவறான எண் வருவதற்கான வழிகள்தான் ஏராளம்.

பெரும்பாலான தவறுகள் சாயத்தைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. செல் வளர்க்கும் ஊடகத்தில் சேர்க்கும் வழக்கமான சீரத்தில் (இரத்தத்தின் தெளிநீர்) எல்.டி.எல். இருக்கிறது. அதில் வளரும் செல்லுக்குக் கொலஸ்ட்ரால் குறைவில்லை. அதனால் ஏற்பியின் மரபணுவை முடுக்கிவிடும் எஸ்.ஆர்.இ.பி.பி.-2 என்ற புரதம் செல்லுக்குள் உள்ள எண்டோபிளாச வலையிலேயே பிடித்துவைக்கப்படும். ஏற்பியின் மரபணு அடங்கிக் கிடக்கும். இந்த நிலையில் அளந்தால் நல்ல செல்லும் நோயுற்ற செல்போலத்தான் தெரியும். ஆகவே கொழுப்புப்புரதம் நீக்கிய சீரம் 5% சேர்த்த ஊடகத்துக்கு மாற்றுகிறோம்: தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லுக்கு 48 மணி நேரம், ஹெப்-ஜி2 கல்லீரல் செல்லுக்கு 24 மணி நேரம்.

அந்தச் சீரத்தை நாமே தயாரிக்கலாம். பொட்டாசியம் புரோமைடு சேர்த்து அடர்த்தியை 1.21 ஆக்கி, அதிவேக மையவிலக்கியில் சுழற்றி, மேலே மிதப்பதை எடுத்துவிட்டு, அடியில் நிற்பதை உப்புக்கரைசலில் டயாலிசிஸ் (சவ்வுப் பை வழியே வேண்டாத உப்பை வெளியேற்றுதல்) செய்ய வேண்டும். கரைசலைப் பல முறை மாற்றாவிட்டால் புரோமைடு தங்கி, செல்கள் வாடிவிடும். பட்டினி உண்மையிலேயே வேலை செய்ததா என்று பார்க்க, செல் வளரும் தட்டின் ஒரு குழியில் மட்டும் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் கொலஸ்ட்ராலும் 1 மைக்ரோகிராம் 25-ஹைட்ராக்சிகொலஸ்ட்ராலும் சேர்க்கிறோம். அங்கே ஏற்பி மறுபடி அடங்க வேண்டும். அந்தக் குழியில் ஒளி குறையவே இல்லையென்றால், நீங்கள் அளப்பது எல்.டி.எல். ஏற்பியை அல்ல. இந்தக் குழியை விட்டுவிட்டுச் செய்த சோதனையை நாங்கள் நம்புவதில்லை.

அடுத்தது எல்.டி.எல். 1.019-க்கும் 1.063-க்கும் இடைப்பட்ட அடர்த்தியில் பிரித்தெடுத்து, கால்சியம் போன்ற உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. சேர்த்து, வெளிச்சம் படாமல் 4 டிகிரியில் வைக்க வேண்டும். உறைய வைக்கவே கூடாது. உறைந்து உருகினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, செல்லின் வெளியே பளிச்சென்ற புள்ளிகளாகத் தங்கும். ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல். இன்னும் மோசம். துப்புரவு ஏற்பிகள் என்ற வேறு வகை ஏற்பிகள் அதை விழுங்கும். கொலஸ்ட்ரால் மிகுந்தாலும் அவை அடங்குவதில்லை. அகரோஸ் ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டினால் கெட்டது வேகமாக முன்னே ஓடும், அதன் எதிர்மின்னூட்டம் கூடியிருப்பதால்.

இ.டி.டி.ஏ. பற்றி ஒரு வார்த்தை. ஏற்பியின் பிணைப்புப் பகுதி கால்சியத்தை நம்பி நிற்கிறது. 0.3 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. உள்ள மூலக்கரைசலை நூறு மடங்கு நீர்த்தால் 3 மைக்ரோமோலார்தான் மிஞ்சும், ஊடகத்தின் 1.8 மில்லிமோலார் கால்சியத்துக்கு அது பொருட்டே இல்லை. மூலக்கரைசல் நீர்த்துப்போய், அதையே நிறைய ஊற்ற வேண்டி வந்தால்தான் டயாலிசிஸ் தேவை.

அளக்கும் நாளில், எல்.டி.எல்.லின் புரத அளவைக் கணக்கில் கொண்டு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் விடுகிறோம். ஒரு தட்டு 37 டிகிரியில் 4 மணி நேரம். இன்னொன்று 4 டிகிரியில் 1 மணி நேரம்; குளிரில் எல்.டி.எல். ஒட்டும், உள்ளே போகாது. ஒவ்வொன்றிலும் சாயமில்லாத எல்.டி.எல். 50 மடங்கு சேர்த்த குழி ஒன்று இருக்க வேண்டும். அதில் வருவது ஏற்பியைச் சாராத ஒளி; அந்த எண்ணை மற்றவற்றிலிருந்து கழிக்கிறோம். பிறகு 0.2% ஆல்புமின் கலந்த குளிர்ந்த கரைசலில் மூன்று முறை கழுவுகிறோம்.

செல்லைப் பெயர்ப்பதில் பலர் சறுக்குகிறார்கள். செல்லைத் தட்டிலிருந்து கழற்றும் நொதியான டிரிப்சின் மேற்பரப்பு ஏற்பியையும் அதில் ஒட்டியதையும் சேர்த்தே கடித்துவிடும். 37 டிகிரித் தட்டுக்கு அது நல்லது, உள்ளே போனது மட்டும் மிஞ்சும். 4 டிகிரித் தட்டில் அதே டிரிப்சின் முழுச் சோதனையையும் அழித்துவிடும். இ.டி.டி.ஏ.வும் உதவாது, கால்சியத்தைப் பறித்து எல்.டி.எல்.லைக் கழற்றிவிடும். எனவே பிணைப்பைத் தட்டிலேயே செல்லைக் கரைத்து அளக்க வேண்டும், அல்லது மிதந்து வளரும் லிம்போசைட்டில் (ஒரு வகை வெள்ளணு) செய்ய வேண்டும்.

இரண்டு தட்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பொருள் வருகிறது. குளிரில் பிணைப்பு சரியாக இருந்து 37 டிகிரியில் உள்வாங்கல் இல்லையென்றால், பழுது செல்லுக்குள் நீளும் ஏற்பியின் வாலில். 807-ஆம் இடத்து டைரோசின் சிஸ்டீனாக மாறிய ஏற்பி இப்படித்தான் நடந்துகொள்ளும். இரண்டுமே குறைந்தால், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் பார்க்க வேண்டும்: 160 கிலோடால்டன் முதிர்ந்த பட்டை மெலிந்து 120 கிலோடால்டன் முதிராத பட்டை தேங்கியிருந்தால், ஏற்பி மேற்பரப்புக்கு வந்து சேரவில்லை.

எந்தச் செல் என்பதில்தான் நோயாளிக்கு அநியாயம் நேரக்கூடிய இடம் இருக்கிறது. ஏற்பி உள்ளே போக உதவும் புரதத்தைத் தரும் எல்.டி.எல்.ஆர்.ஏ.பி.1 மரபணு பழுதானவரின் ஃபைப்ரோபிளாஸ்ட் எல்.டி.எல்.லை ஏறக்குறைய இயல்பாகவே உள்வாங்கும். பழுது லிம்போசைட்டிலும் கல்லீரலிலும்தான் வெளிப்படும். தோல் செல்லை மட்டும் பார்த்து 'ஏற்பி நலம்' என்று எழுதினால் அது தவறான அறிக்கை. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் பெரும்பாலும் கல்லீரலிலிருந்து சுரந்து வந்து ஏற்பியைச் செல்லின் செரிமான அறையான லைசோசோமுக்கு இழுத்துச் செல்வது. அதன் மாற்றத்தைச் சோதிக்க அந்தப் புரதத்தையே ஊடகத்தில் சேர்க்க வேண்டும். எல்.டி.எல். துகளின் மேலுள்ள அப்போ-பி புரதத்தின் 3500-ஆம் இடத்து ஆர்ஜினின் குளுட்டமினாக மாறியவரிடம் செல்லில் குறையே இல்லை, குறை அவருடைய எல்.டி.எல்.லில். அங்கே சோதனையைத் திருப்பிப் போட்டு, அவர் எல்.டி.எல்.லை நலமான செல்லுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம்.

ஏற்பி மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதானவரிடம் பாதி ஒளியை எதிர்பார்ப்போம். ஆனால் நலமானவர்களின் எண்களே அகலமாகப் பரவிக் கிடக்கும். நெருக்கமாக வளர்ந்த செல்லில் ஏற்பி குறைவு என்பதும் சேர்ந்துகொள்ளும். அதனால் ஒரே நாளில், ஒரே அடர்த்தியில் விதைத்த நலமான செல்லும், ஏற்பியே இல்லாத செல்லும் பக்கத்துக் குழிகளில் இல்லாமல் அந்தப் பாதியை நாங்கள் அறிக்கையில் எழுதுவதில்லை.