கடைசியாகப் பயன்படுத்தியவர்

கையில் பிடித்துச் சரக்கை ஸ்கேன் செய்யும் ஹேண்ட்ஹெல்ட் கருவி கெட்டால், அதை வாரண்டிக்கு அனுப்புவதற்கு முன் எங்கள் இறால் ஏற்றுமதி நிறுவனத்துக்குள்ளேயே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம்: 'கடைசியாகப் பயன்படுத்தியவர்'. லாகின் பதிவைப் பார்த்தால் பெயர் இருக்கும், எடுத்துப் போட்டுவிடலாம். சர்வீஸ் சென்டரோடு அந்த வருஷம் நடந்த இழுபறியெல்லாம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. அந்தக் கட்டம் மட்டும் மறக்கவில்லை.

நாங்கள் 2019-ல் புதுக் கருவிகளுக்கு மாறினோம். பழையவற்றில் ஓடிய விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்ட் 6.5-க்கு 2020 ஜனவரி 14-உடன் மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிகிறது என்பது முன்பே தெரிந்த விஷயம். அதற்குள்ளாகவே பழைய கருவிகளை விண்டோஸ் 10 கம்ப்யூட்டரோடு சிங்க் செய்வது தினமும் ஒரு பாடாக இருந்தது. ஆண்ட்ராய்டுக்குப் போவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. நான் கேட்டது ஒன்றுதான். மைனஸ் 18 டிகிரி கோல்ட் ஸ்டோருக்குள் போகிற கருவிகளையாவது ஃப்ரீசர் மாடலாக வாங்குங்கள் என்றேன். திரையிலும் ஸ்கேனர் கண்ணாடியிலும் சின்ன ஹீட்டர் வைத்து வருபவை அவை. பழையவை அப்படித்தான் இருந்தன.

சாதாரண மாடலின் விவரத்தாளில் 'மைனஸ் 20 முதல் 50 டிகிரி வரை' என்று இருந்தது. ஐபி67 என்றும் இருந்தது. பிறகு எதற்கு அதிகப் பணம் என்று பர்ச்சேஸில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் கேட்டிருப்பேன். அதே தாளில் ஈரப்பதம் பற்றிய வரியில் '95 சதவீதம் வரை, நீர் படியாத நிலையில்' என்று இருந்ததை அடிக்கோடிட்டு மெயில் அனுப்பினேன். வந்தது சாதாரண மாடல்தான்.

ஐபி67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது. ஆனால் எங்கள் இடத்தில் தண்ணீர் காற்றோடு கலந்து வருகிறது. மைனஸ் 18-ல் இறால் கார்ட்டன்களை ஸ்கேன் செய்துகொண்டிருந்த கருவி, கன்டெய்னர் நிற்கும் டாக்குக்கு, அதாவது சரக்கு ஏற்றும் மேடைக்கு, வருகிறது. தூத்துக்குடிக் கடற்காற்று அதன்மேல் படுகிறது. ஐஸ் தண்ணி ஊற்றிய டம்ளர் வெளியே வியர்ப்பது மாதிரி கருவி முழுக்க வியர்த்துவிடும். வியர்த்தால்கூடப் பரவாயில்லை, மூடியிருக்கிற வரைக்கும் தாங்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறதே! ஷிப்டுக்கு நடுவில் டாக்கில் நின்றுதான் பேட்டரி மாற்றுவார்கள். மூடியைத் திறந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், உறைந்துபோயிருக்கும் உள்பாகத்தின்மேல் ஈரக்காற்று நேராகப் படியும். அந்தப் பேட்டரிக் குழிக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு ஸ்டிக்கர் இருக்கிறது. ஈரம் பட்டால் சிவந்துவிடும்.

முதல் கருவி அப்படித்தான் போனது. ஆன் ஆகவில்லை. கருவியைத் திருப்பி அனுப்ப வேண்டிய ஆர்எம்ஏ எண் வாங்கக் கூப்பிட்டபோது சர்வீஸ் சென்டரில் இருந்த பெண், "சார், ஃபால்ட் காலம்ல 'நோ பவர்'னு மட்டும் போட்டு அனுப்புங்க. எங்க யூஸ் பண்றீங்கன்னெல்லாம் எழுத வேண்டாம்" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான்.

நான் எழுதினேன். மைனஸ் 18 அறைக்கும் டாக்குக்கும் மாறி மாறிப் போய்வரும் கருவி, டாக்கில் பேட்டரி மாற்றியபின் உயிர் வரவில்லை என்று விவரமாகவே எழுதினேன். உண்மை என்பதால் மட்டும் இல்லை. ஒரு கருவியை மறைத்து மாற்றிக்கொண்டால் அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாக வரும். தயாரித்தவர்களே 'இந்த வேலைக்கு இந்த மாடல் ஆகாது' என்று எழுத்தில் கொடுத்தால், அதை வைத்து ஃப்ரீசர் மாடல் கேட்கலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு இன்றைக்கும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

சர்வீஸ் சென்டருக்குப் போன கருவி முதலில் வேறொரு காரணத்துக்காக நின்றது. ஆண்ட்ராய்டு 5.1 வந்ததிலிருந்து, கருவியை ரீசெட் செய்தாலும் பழைய கணக்கைக் கேட்கிற பூட்டு ஒன்று உண்டு. கணக்கை நீக்கிவிட்டு அனுப்புங்கள் என்றார்கள். ஆன் ஆகாத கருவியில் எங்கே போய் நீக்குவது? எங்கள் பக்கத்து நிர்வாக போர்ட்டலில் பதிவை எடுத்துவிட்டு, எடுத்ததற்கு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பி, அதற்குப் பிறகுதான் திறந்தே பார்த்தார்கள். பழைய விண்டோஸ் கருவி என்றால் கோல்ட் பூட் கொடுத்து, அதாவது முழுதாக அணைத்து மறுபடி துவக்கி, கூரியரில் போட்டுவிடுவோம்.

பதில் வந்தது. சிவந்த பொட்டின் போட்டோ, 'லிக்விட் டேமேஜ், வாரண்டி பொருந்தாது', கூடவே ரிப்பேர் எஸ்டிமேட். நான் எதிர்பார்த்த வாக்கியமும் இருந்தது: பயன்படுத்தும் சூழல் குறிப்பிட்ட வரம்புக்கு வெளியே. அதை எடுத்துக்கொண்டு பர்ச்சேஸுக்குப் போகலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, எஸ்டிமேட்டும் எங்கள் உள் படிவமும் ஒன்றாக அக்கவுன்ட்ஸுக்குப் போய்விட்டன. அவர்கள் பார்த்தது 'லிக்விட் டேமேஜ்' என்பதையும் அதற்குக் கீழே இருந்த பெயரையும். பெயர் கான்ட்ராக்டர் ஆள் என்பதால் கடிதம் கான்ட்ராக்டருக்குப் போனது.

அந்தப் பெயருக்குரிய அண்ணாச்சி என் மேசைக்கு வந்தபோது ஃப்ரீசர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. கையுறையின் வலது ஆள்காட்டி விரல் நுனியை வெட்டிவிட்டிருந்தார். புதுத் திரை தடித்த கையுறைக்கு வேலை செய்யாது. பழையதில் பட்டன்கள் இருந்தன, கையுறையோடு அழுத்தலாம். வெட்டின இடத்தில் விரல் நுனி வெளிறி, தோல் உரிந்திருந்தது.

"தம்பி, சம்பளத்துல தவணையா புடிக்கப் போறாங்களாம். தண்ணில போட்டுட்டேன்னு சொல்லுதாங்க. நான் எங்க போட்டேன்?"

நீங்கள் போடவில்லை, குளிரிலிருந்து வெளியே வரும்போது தானாகப் படிவது, அப்படித்தான் நான் எழுதியும் கொடுத்திருக்கிறேன் என்றேன். விளக்கினேன். கேட்டுக்கொண்டார்.

"எழுதுனது சரிதான் தம்பி. அதுல எம்பேரும் இருந்துச்சோ?"

இருந்தது என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். கோபப்படவில்லை. ஒருவேளை பட்டாரோ என்னவோ, எனக்குத் தெரிகிற மாதிரி இல்லை.

கட்டத்தை நிரப்பாமல் படிவத்தை ஏற்க மாட்டார்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால்தான் எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. பழைய கருவிகளில் ஷிப்டுக்கு ஒரே பாஸ்வேர்டு, எல்லோருக்கும் தெரியும். யார் கையில் எது கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. புதிய அமைப்பில் ஆளுக்கு ஒரு லாகின் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் நான். ஏற்றுமதிச் சரக்கு. ஒரு லாட்டில் பிரச்சினை என்றால் எந்த பேலட் எப்போது எந்த அறையிலிருந்து யார் கைவழியாகப் போனது என்று வாங்குபவர் கேட்பார், ஆடிட்டர் கேட்பார். அதற்குப் பதில் சொல்லத்தான் லாகின். இன்றைக்குக் கேட்டாலும் ஆளுக்கொரு லாகின் வேண்டும் என்றே சொல்வேன். இறாலைத் தேடுவதற்காக வைத்த பெயர் அது. ஆள் பிடிப்பதற்கு அது இவ்வளவு வசதியாக இருக்கும் என்பதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

எந்த மாடல் வாங்குவது என்று முடிவெடுத்தவர் யார் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கருவியைத் தொட்ட கைக்கு மட்டும்தான் இருக்கிறது. நான் அடிக்கோடிட்ட மெயில் இன்னும் என் 'சென்ட்' பெட்டியில் இருக்கிறது. அதைப் படிவத்தோடு இணைத்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். வாரண்டி படிவத்தோடு உள்விவகார மெயிலை இணைக்கும் வழக்கம் எங்கேயும் கிடையாது. அதுவும் உண்மைதான்.

சர்வீஸ் சென்டர் பெண் சொன்னபடி 'நோ பவர்' என்று மட்டும் போட்டிருந்தால்? பொட்டு சிவந்துதான் இருந்தது, எப்படியும் நிராகரித்திருப்பார்கள் என்று ஒரு சமயம் தோன்றும். நம் ஊர் ஈரத்துக்குப் பொட்டு தானாகச் சிவப்பதும் உண்டு, அதை அவர்களும் அறிவார்கள், சூழல் விவரம் இல்லாவிட்டால் ஒருமுறை விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று இன்னொரு சமயம் தோன்றும். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள இனி வழியில்லை.

சும்மா இருக்கவில்லை. அப்போது நடைமுறையில் இருந்த 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்த பொருள் அவருடைய அலட்சியத்தால் நேரடியாகக் கெட்டிருந்தால்தான் பிடித்தம் செய்யலாம் என்று அதில் இருந்தது. அதையும் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் செய்யலாம் என்று இருந்தது. இதை எழுதி, நீர் எப்படிப் படிகிறது என்பதை ஒரு பக்கத்துக்கு விளக்கி, ஹெச்ஆருக்கு அனுப்பினேன். 'கான்ட்ராக்டரிடம் பேசிவிட்டோம், பிடித்தம் இல்லை' என்று பதில் வந்தது. கான்ட்ராக்டர் ஆள் சம்பளச் சீட்டு நான் பார்க்கக்கூடியது இல்லை. அண்ணாச்சியிடமே கேட்டதற்கு, "விடுங்க தம்பி, அது முடிஞ்சு போச்சு" என்றார். பிடித்து முடிந்ததா, பிடிக்காமல் முடிந்ததா என்று அதற்கு மேல் கேட்க எனக்கு வரவில்லை.

வேலை நடக்க வேண்டுமே. குளிர் அறைக்குள்ளேயே கருவியை ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே கொண்டுவந்து அறைச்சூட்டுக்கு வந்தபிறகே திறக்க வேண்டும் என்று நடைமுறை எழுதி ஒட்டினேன். படியும் நீர் கவரின் மேலேயே நின்றுவிடும். டாக்கில் பேட்டரி மாற்றக் கூடாது. அவசரமாகக் கன்டெய்னர் ஏற்றும் இரவுகளில் இதை எவ்வளவு பின்பற்றுகிறார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பின்பற்றாதபோது கெட்டால் இப்போது 'நடைமுறை மீறல்' என்று சொல்ல என் கையெழுத்துப் போட்ட காகிதமே சுவரில் இருக்கிறது. அதை ஒட்டாமலும் இருக்க முடியாது.

அண்ணாச்சி இப்போது லாகின் செய்வதில்லை. இளவட்டம் யாராவது கருவியைப் பிடித்துக்கொள்ள, இவர் லாட் எண்ணைப் படித்துச் சொல்கிறார். கண் சரியாகத் தெரியவில்லை என்று மேஸ்திரியிடம் காரணம் சொல்லியிருக்கிறார்.

பிறகு வந்த ஒரு கருவிக்கு நான் அந்தக் கட்டத்தில் 'ஷிப்டு பொது' என்று எழுதிக் கொடுத்தேன். கோல்ட் ஸ்டோர் விவரத்தை எப்போதும்போல முழுதாகவே எழுதினேன். அக்கவுன்ட்ஸிலிருந்து திரும்பி வந்தது. லாகின் பதிவில் பெயர் இருக்கிறதே, அதைப் போட என்ன தடை என்று கேட்டிருந்தார்கள். ஃப்ரீசர் மாடல் கேட்டு அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் வந்தபிறகு நிரப்புகிறேன் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். கருவி என் மேசை டிராயரில் கிடக்கிறது, அதன் வாரண்டி காலம் ஓடிக்கொண்டிருக்கிறது.