மணியின் மூச்சு: போர்க்களத்து நாட்கள்

டிசம்பர் 27, சனி

மணிக்கு இதய நோய். நாய் தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதுகிறேன், கூடக் கூடாது. மூச்சு 24. இருமல் இல்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

காலை ஏழரைக்கே பிரின்ஸ்டன் போர்க்களத்துக்குப் போய்விட்டோம். கிளார்க் வீட்டுப் பக்கம் காரை நிறுத்தினால் மணிக்கு இறங்கின இடத்திலிருந்தே புல்தரை. படி கிடையாது. கயிறு ஆறடிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நியூஜெர்சி ஸ்டேட் பார்க் எல்லாவற்றுக்கும் உள்ள விதி. பத்து வருடமாக அதே சிவப்புக் கயிறுதான். முன்பெல்லாம் மான் வாசனை பட்டுவிட்டால் போதும், என் தோள்பட்டையைக் கழற்றிவிடுவான். இன்று கயிறு போகும்போதும் தொய்ந்தே இருந்தது, வரும்போதும் தொய்ந்தே இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

வேலிக்குள் நிற்கும் ஓக் மரம் வரை போய்த் திரும்பினோம். இலை கொட்டவில்லை அது. பழுப்பாகச் சுருண்டு கிளையிலேயே ஒட்டிக்கொண்டு, காற்று வந்தால் முறத்தில் உளுந்து புடைக்கிற மாதிரி சத்தம் போடுகிறது. வெள்ளை ஓக்கின் இளம் மரங்கள் குளிர்காலத்தில் இப்படி வைத்துக்கொள்வது உண்டு. முன்னூறு வயதுப் பழைய மரம் 2000 மார்ச்சில் காற்றில் சாய்ந்தது. அதன் விதையில் முளைத்த கன்றை அந்த அடிமரத்துக்குள்ளேயே நட்டார்கள். அதுதான் இது.

மணி வேலிக் கட்டையை ஒவ்வொன்றாக முகர்ந்தான். நான் அவசரப்படுத்தவில்லை.

இரவு பத்துக்கு 26. இரண்டு மணிக்கு 25.

டிசம்பர் 29, திங்கள்

இவர் கோவையிலிருந்து கூப்பிட்டார். நானும் மணியும் ஊர் திரும்பும் டிக்கெட் தேதியை என்ன செய்யலாம் என்றார். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 31, புதன்

உடம்பு நீரைச் சிறுநீராக இறக்கும் தண்ணீர் மாத்திரையைக் கூட்டியதிலிருந்து இரவில் மூன்று தடவை வெளியே போகவேண்டியிருக்கிறது. நைட்டி மேல் கோட்டு, காலில் இவருடைய பூட்ஸ். அவன் போய் நிற்பான், என்னைத் திரும்பிப் பார்ப்பான், ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி. இல்லடா தங்கம், போடா, போய்ட்டு வா என்பேன். பக்கத்து வீட்டு விளக்கு எரிகிறது. யாரோ பார்த்தால் பார்க்கட்டும்.

27. கால் உதறினான், அதனால் சரியாக எண்ண முடியவில்லை. மறுபடி 26.

ஜனவரி 1, வியாழன்

இதய மாத்திரை பிமோபெண்டன் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். பிஸ்கட்டில் வைத்தால் பிஸ்கட்டை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி, சோபாவுக்குப் பின்னால் போய்த் துப்புகிறான். இன்று இட்லியில் கொட்டைப்பாக்கு அளவு பிட்டு உருட்டிக் கொடுத்தேன். விழுங்கிவிட்டான். புது வருடத்துக்கு இது போதும்.

ஜனவரி 2, வெள்ளி

24! பாப்பாவுக்கு உடனே அனுப்பினேன். அங்கே கலிபோர்னியாவில் விடியவே இல்லை. ஆனாலும் இதயம் போட்டு அனுப்பினாள்.

ஜனவரி 3, சனி

ஊரில் திருவாதிரை. இவர் பேரூருக்குப் போய்விட்டுக் கூப்பிட்டார், மணிக்கும் அர்ச்சனை செய்தாராம். என்ன நட்சத்திரம் சொன்னீர்கள் என்றேன். உன்னுடையதையே சொன்னேன் என்றார். கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

இங்கேயும் இன்றுதான் அந்த நாள். அமெரிக்க விடுதலைப் போரில் பிரின்ஸ்டன் சண்டை நடந்த 1777 ஜனவரி 3. தொப்பிக்காரப் பெரியவர் தன் கறுப்பு லாப்ரடாரோடு நின்றிருந்தார். பத்து வருடமாக ஹலோ சொல்லிக்கொண்டதோடு சரி, இன்றுதான் நின்று பேசினார். முந்தின நாள் இரவு டிரெண்டனில் வாஷிங்டன் முகாம் நெருப்பை எரியவிட்டுவிட்டு, பீரங்கிச் சக்கரத்துக்குத் துணி சுற்றி, படையை ஓசையில்லாமல் இங்கே கிளப்பிக் கொண்டுவந்தார். பகலெல்லாம் சேறாகக் கிடந்த பாதை ராத்திரிக் குளிரில் இறுகிவிட்டதால்தான் பீரங்கி நகர்ந்தது. விடிந்ததும் இந்த மேட்டில் மாவ்ஹுட் என்கிற ஆங்கிலேய லெப்டினன்ட் கர்னலின் ஆட்களோடு மோதல். இதெல்லாம் பலகையிலும் இருக்கிறது. பலகையில் நான் பார்த்திராத ஒன்றைப் பெரியவர் மணியைக் காட்டிச் சொன்னார். மாவ்ஹுட் சின்னப் பழுப்பு மட்டக்குதிரை மேல் வந்தாராம். முன்னால் அவர் ஆசையாக வளர்த்த இரண்டு ஸ்பானியல் நாய்கள் துள்ளிக்கொண்டு வந்தனவாம்.

இரண்டு நாய்கள். இந்தப் புல்லில்.

வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. சண்டை முக்கால் மணி நேரம்தான். மாவ்ஹுட் பயனெட்டை, அதாவது துப்பாக்கி முனைக் கத்தியை, நீட்டிக்கொண்டு வாஷிங்டன் படையைப் பிளந்து பாலத்துப் பக்கம் தப்பிவிட்டார். நாய்கள்? சிவகாசிச் சரம் வெடித்தாலே மணி குளியல் தொட்டிக்குள் போய் ஒடுங்குவான். அவை எந்தப் பக்கம் ஓடின? கூப்பிட ஆள் இருந்ததா?

27.

ஜனவரி 4, ஞாயிறு

ரோட்டைத் தாண்டி நான்கு தூண் நிற்கிற இடத்துக்குப் போனோம். வாஷிங்டன் நகரத்து கேபிடல் குவிமாடத்தை வடிவமைத்த தாமஸ் வால்டர் யாரோ ஒருவர் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த முகப்பு இது. 1959இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பின்னால் வீடு கிடையாது. புதைகுழி இருக்கிறது. 21 பிரிட்டிஷ் வீரர்கள், 15 அமெரிக்கர்கள், எல்லோரும் ஒன்றாக. மணி அங்கே படுத்துவிட்டான். களைப்பா, வெயில் பட்ட புல் இதமாக இருந்ததா என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். விழித்திருக்கும்போது எண்ணக் கூடாது. எண்ணினேன்.

காருக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். பதினொரு கிலோ.

ஜனவரி 5, திங்கள்

இங்கே வாஷிங்டன் பக்கம் சண்டை போட்ட ஜெனரல் மெர்சர் ஒரு டாக்டர். நான் வரி கட்டும் கவுண்டிக்கே அவர் பெயர்தான். ஸ்காட்லாந்துக்காரர், 1746இல் கல்லோடன் சண்டையில் தோற்ற பக்கத்தில் வைத்தியம் பார்த்துவிட்டுத் தப்பிக் கப்பலேறி வந்தவர். இங்கே பயனெட்டால் ஏழு குத்து. ஓக் மரத்தடியில் சாய்ந்து கிடந்தார் என்பது வழிவழியாக வரும் கதை. பிறகு கிளார்க் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். சண்டையே கூடாது என்கிற குவேக்கர் குடும்பம், அவர்கள் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் பெஞ்சமின் ரஷ் வந்து வைத்தியம் செய்தார். இன்னொரு கதையும் சொல்வார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் மெர்சர் தன் வலது கையைத் தூக்கச் சொன்னாராம். அக்குளில் சின்ன ஓட்டை. இருப்பதிலேயே சின்னது இதுதான், ஆளைக் கொல்லப்போவதும் இதுதான் என்றாராம்.

நவம்பரில் மணியின் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்து என்னையும் கேட்கச் சொன்னது ஞாபகம் வந்தது. லப், டப். நடுவில் வாழை இலை கிழிகிற மாதிரி மெல்லிய ஒரு சத்தம். இவ்வளவு சின்னதா என்று கேட்டேன்.

28.

ஜனவரி 6, செவ்வாய்

கழுத்துப் பட்டைக்குப் புது வில்லை வந்துவிட்டது. ஒரு பக்கம் மணி, மறுபக்கம் கோவை நம்பர்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். அதே வருடம் அக்டோபரில் ஜெர்மன்டவுன் சண்டைக்குப் பிறகு ஒரு நாய் வாஷிங்டன் கையில் அகப்பட்டது. கழுத்துப் பட்டையில் எதிரித் தளபதி ஹௌவின் பெயர். இரண்டு வரிக் கடிதத்தோடு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார் வாஷிங்டன். ஆக, நாய் திரும்பிப் போகும். பட்டையில் பெயர் இருந்தால் போகும். அந்த ஸ்பானியல்களுக்கும் பட்டை இருந்திருக்கும். ஒரு கர்னலின் நாய்க்கு இல்லாமலா.

ஜனவரி 8, வியாழன்

எக்ஸ்ரே. இதயம் நவம்பரில் இருந்ததைவிடப் பெரிதாகிவிட்டது. மூச்சுக்குழாயை மேலே தள்ளுகிறது. அதனால்தான் இருமல்.

விமானம் பற்றிக் கேட்டேன். டாக்டர் உடனே பதில் சொல்லாமல் மணியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்போதே தெரிந்துவிட்டது. சரக்குப் பகுதியில் வேண்டவே வேண்டாம் என்றார். மைக்ரோசிப், வெறிநாய் ஊசி, இந்தியாவின் தடையில்லாச் சான்று, எல்லாம் பச்சைக் கோப்பில் வரிசையாக இருக்கிறது. கடைசியில் ஒட்ட வேண்டியது உடல்நலச் சான்றிதழ் ஒன்றுதான். அவனால் பயணம் செய்ய முடியும் என்று அதில்தான் எழுத வேண்டும்.

வரும் வழியில் போர்க்களத்தில் நிறுத்தினேன். இறங்கவில்லை நாங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன், மூக்கை மட்டும் நீட்டினான். மேட்டில் ஏழெட்டு மான். பார்த்தான். குரைக்கவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

பாப்பாவிடம் சொன்னேன். அம்மா, நீ அவனை விட்டுட்டுப் போகமாட்டேல்ல என்றாள். பத்து வயதில் காலணி டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு வந்தாளே, அதே குரல்.

மாட்டேன்.

ஜனவரி 10, சனி

இவரிடமும் சொல்லிவிட்டேன். எவ்வளவு நாள் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? கோபம் வந்துவிட்டது. வீட்டைக் காலி செய்யும் தேதி, சாமான் ஏற்றும் வண்டி, எல்லாம் என் தலையில்தான் என்று ஏதேதோ கத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவனுக்கு அந்தப் போர்வையைப் போட்டுவிடு, குளிரும் என்றார்.

29. 28. 29.

ஜனவரி 11, ஞாயிறு

இட்லியையும் துப்பினான். தயிர்சாதம் இரண்டு வாய்.

ஜனவரி 12, திங்கள்

மெர்சர் இறந்தது இன்று. மூன்றாம் தேதியிலிருந்து ஒன்பது நாள். அந்த ஒன்பது ராத்திரியும் விளக்கைத் தூண்டி வைத்துக்கொண்டு அந்த வீட்டில் யாரோ அவர் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதைப் பலகையில் எழுத மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

கிளார்க் வீட்டின் ஜன்னல் பக்கம் அவனைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். கண்ணாடியில் நாங்கள் இருவரும்தான் தெரிந்தோம். அப்புறம் கீழே விட்டேன். ஓக் மரத்தைப் பார்த்து அவனே நடந்தான். பத்துப் பன்னிரண்டு அடி கயிறு விறைப்பாக இருந்தது. இழுத்தான்! என் கையை இழுத்தான். நின்றோம், இருமினான், மறுபடி போனோம். வேலிக் கட்டைக்கு வந்ததும் கால் தூக்கப் பார்த்தான், தடுமாறிவிட்டான், இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். மரத்தில் இன்னும் இலை இருக்கிறது.

ஒரு ஓக் இலை அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிட்டது. பச்சைக் கோப்புக்குள் வைத்திருக்கிறேன்.

29.

ஜனவரி 13, செவ்வாய், காலை 3.40

33. விளக்கைப் போட்டு மறுபடி எண்ணினேன், 36. எழுந்து உட்கார்ந்திருக்கிறான், படுக்க மாட்டேன் என்கிறான். போன் செய்துவிட்டேன், உடனே வரச் சொன்னார்கள். கார் சூடாகட்டும் என்று ஸ்டார்ட் செய்திருக்கிறேன். சிவப்புக் கயிறு எங்கே